மைனஸுக்குத் தடை போட்ட அரண்மனை

நம்பினால் நம்புங்கள். மேழிக்கோட்டை ராஜா வச்சிரவாகு காலத்திலேயே அரண்மனையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதுவும் சி மொழியில் எழுதின புரோகிராமோடு! வாசலுக்கு வாசல் கேமரா. உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டால் எண்ணிச் சொல்லும். எண்ண முடியாவிட்டால் மைனஸ் ஒன்று என்று சொல்லும். 'என்னால் ஆகாது சாமி' என்று அதற்கு அர்த்தம்.

பிரதானி குழந்தைவேலருக்கு அது பொறுக்கவில்லை. "மகாராஜா ஆட்சியில் மைனஸா? அபசகுனம்!" என்று, புரோகிராமில் எண் போட்டுவைக்கிற பெட்டி எதிலும் அந்தக் குறிக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்.

ஒருநாள் ராஜாவுக்குப் பக்கத்து நாட்டின்மேல் ஆசை வந்தது. "நம் யானைக் கொட்டாரத்தில் எத்தனை யானை?" என்று கேட்டார். பாகன்களோ கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னது: நானூற்று இருபத்தொன்பது கோடி சொச்சம்.

"அடேயப்பா! நமக்கே தெரியாமல் போச்சே! அறையுங்கள் முரசை!"

மீசை முளைத்தவன் கையிலெல்லாம் ஈட்டி ஏறிவிட்டது. அரண்மனை விகடர் இளவழுதி ஓடிவந்தார்.

"மகாராஜா, இந்தப் பிள்ளைகளில் ஒருத்தன்கூடத் திரும்பி வரமாட்டான். அந்தக் கணக்கு தப்பு!"

"மெஷின் தப்புச் சொல்லுமா?" என்று சீறினார் பிரதானி.

"சரியாக இருந்தால் உம் தலை போகும், விகடரே" என்றார் ராஜா.

"போகட்டும். மகாராணியார் பள்ளியறையில் எத்தனை யானை என்று கேளுங்கள்."

மகாராணி கதவைத் தாழிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சளைக்கவில்லை. நானூற்று இருபத்தொன்பது கோடி சொச்சம்!

ராஜா பதறிப்போனார். "ஐயோ, அவள் எங்கே படுப்பாள்?"

"பதறாதீர்கள். கதவு சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான். மைனஸுக்கு இடமில்லாத பெட்டியில் மைனஸ் ஒன்றைப் போட்டால், பூஜ்யத்திலிருந்து பின்னால் சுற்றின சக்கரம்போல, அதில் கொள்ளுகிற ஆகப் பெரிய எண்ணில் போய் நிற்கும்."

முரசு நின்றது. பிரதானி மட்டும் விடவில்லை. "மெஷின் சொன்னால் சொன்னதுதான்!"

ராஜா விகடர் பக்கம் திரும்பினார். "உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கெதற்கு மகாராஜா? பிரதானியார்தான் கணக்கு சரி என்கிறாரே, அத்தனை யானைக்கும் அவரே லத்தி அள்ளட்டும்."

பிரதானி தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா! கொட்டாரத்தில் இருப்பதே ரெண்டு கிழட்டு யானைதான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாரங்கே! பிரதானியாருக்கு ரெண்டே ரெண்டு கூடை கொண்டுவா!"