திரைக்குப் பின்னால் எரிந்த விளக்கு

"இன்னைக்கு ராஜா மூணு தடவை கொட்டாவி விட்டார், கவனிச்சியா?"

வாசல் காவலர் ஒருவர் இன்னொருவரிடம் கிசுகிசுத்தது ராஜாவின் காதிலேயே விழுந்துவிட்டது.

மருதங்காட்டில் வெள்ளிக்கிழமை வழக்குகளை ராஜா திரைக்குப் பின்னாலிருந்துதான் கேட்பார். அவர் முகம் பார்த்துச் சாட்சி சொல்பவர்கள் பேச்சை மாற்றிவிடக் கூடாதல்லவா? திரை வழியே அவருக்குச் சபை தெரியும், சபைக்கு அவர் தெரியமாட்டார். பழைய திரை கிழிந்ததால் நெசவாளர் சடையாண்டி புதிதாக நெய்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் மந்திரி தில்லைநாயகம், ராஜாவின் இருக்கையருகே பெரிய மங்கல விளக்கொன்றை ஏற்றிவைத்தார்.

ராஜா சடையாண்டியை வரவழைத்தார். "அவர்களுக்கு நான் தெரிகிறேன். எனக்கு அவர்கள் தெரியவில்லை. திரையைத் தலைகீழாக நெய்தாயா?"

திரையைத் திருப்பிக் கட்டினார்கள். அப்படியேதான் இருந்தது. நாளைக்குள் சரியாகாவிட்டால் சடையாண்டி ஊரைவிட்டே போகவேண்டும் என்றார் ராஜா. சடையாண்டி வீட்டுக்கு ஓடி, மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அரண்மனைப் புலவரைக் கேட்டார்கள். ஒளிபுகாமை என்றால் இருபக்கமும் புகாமைதான், ஒருபக்கத்துக்கு மட்டும் சொல்லே கிடையாது என்றார். கடல் தாண்டி வந்த வணிகர் ஒருவர் தங்கள் மொழியில் ஒளிபுகாமையைக் குறிக்கும் சொல், நிழலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்று சொன்னாராம். அதையும் சொல்லிவைத்தார்.

நிழல் என்றதும், ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பணிப்பெண் செங்கமலத்தின் கை நின்றது. குற்றம் விளக்கில்தான். ஆனால் எரியும் மங்கல விளக்கை அணைக்கச் சொன்னால் மந்திரி சும்மா விடுவாரா?

"மகாராஜா, மந்திரி ஐயா கொஞ்ச நேரம் உள்ளே உட்காரட்டும். நீங்கள் எங்களோடு நின்று பாருங்கள்," என்றாள்.

மந்திரி உள்ளே போய் உட்கார்ந்தார். அவருக்கு எதிரே வெளுத்த துணிதான் தெரிந்தது. ஆகவே தன்னையும் யாரும் பார்க்க முடியாது என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் ராஜா கழற்றிவைத்திருந்த கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மீசையை முறுக்கினார். பிறகு ராஜாவைப் போலவே வாயைப் பிளந்து மூன்று கொட்டாவி விட்டார்.

வெளியே நின்ற எல்லோருக்கும் அத்தனையும் தெரிந்தது. சடையாண்டி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"திரையில் குற்றமில்லை, மகாராஜா. வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் தெரியும். பார்க்கிறவர் நிழலில் இருக்கவேண்டும்," என்றாள் செங்கமலம்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சடையாண்டியின் தோளில் கிடந்த மூட்டையைத் தாமே இறக்கிவைத்தார். உள்ளே போய் மந்திரியை எழுப்பி, வெளியே சபையிலிருந்த அவருடைய ஆசனத்துக்கு அனுப்பினார். விளக்கைத் தூக்கிவந்து மந்திரியின் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.