பெரிய டாக்டரின் கையெழுத்து

இருமல் என்று யார் வந்தாலும் பெரிய டாக்டர் சந்திரமௌலி ஒரே ஊசிதான் எழுதுவார். நிமோனியாவில் கிடந்த தறிக்காரர் குப்புராஜுக்கு அதைப் போட்டு நாலு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை.

"சார், அவர் சளியில இருக்கிற கிருமிக்கு இந்த ஊசி கேட்காது. ரிப்போர்ட்ல எழுதியிருந்தேனே? படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்றாள் லேப் டெக்னீஷியன் மெகருன்னிசா.

"படிக்காம நான் கையெழுத்தே போடமாட்டேன். போட்டதா ஒண்ணு காட்டு, பார்ப்போம்!"

வார்டே பார்த்திருக்க, அவள் ஒரு தாளை நீட்டினாள். "இல்லாத நோயாளி பேர்ல நேத்து இதை அனுப்பினேன் சார்."

கிருமியின் பெயர்: முருங்கைக்காய் சாம்பார். கீழே அவர் கையெழுத்து.

சந்திரமௌலிக்கு முகம் சிவந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார். "குப்புராஜ் ரிப்போர்ட்டை எடும்மா." உட்கார்ந்து வரி விடாமல் படித்தார்; மருந்தை மாற்றினார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, குப்புராஜ் இட்லி கேட்டார்.