சூடு பிடித்தவள்

மருதவாணனுக்கு டாக்டர் தஸ்லீமாவைவிடப் பத்து வயது கூடுதல். இருந்தாலும் ஆய்வில் தஸ்லீமாதான் குரு, மருதவாணன் சிஷ்யர். கர்ப்பிணிகளின் சிறுநீர்த் தொற்றை முன்பே பிடித்துவிட்டால் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கலாமா என்பதுதான் ஆய்வு.

ஒரு நாள் மருதவாணன் அலுத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் எதுக்கு மேடம் பரிசோதனை? அறிகுறி இருக்கிறவங்களுக்கு மட்டும் செஞ்சா போதாதா? கேட்டா சொல்லப் போறாங்க."

"கேளுங்களேன்" என்றார் தஸ்லீமா.

அடுத்து வந்தவள் வேணி. போன பிள்ளை ஏழாம் மாதமே பிறந்து, தங்காமல் போனது. இப்போதும் அவளுக்கு ஏழாம் மாதம்.

"சிறுநீர்ப் பாதையில் தொற்றுக்கான அறிகுறி ஏதாவது உண்டாம்மா?"

வேணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஐயே! அந்த மாதிரி வியாதியெல்லாம் எங்க குடும்பத்துலயே கிடையாது சார்."

மருதவாணன் குருவைப் பார்த்தார், 'பார்த்தீங்களா' என்று. இந்த ஆண்களுக்கு அந்தப் பார்வை எங்கிருந்துதான் வருமோ!

தஸ்லீமா வேணியிடம் கேட்டார். "சூடு பிடிச்சிருக்காக்கா?"

"அத ஏன் கேக்குறீங்க! ஒண்ணுக்குப் போனா உயிர் போவுது. தொப்புள்ல விளக்கெண்ணெய் வெச்சாச்சு, இளநீர் குடிச்சாச்சு. அடங்குவேனாங்குது."

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்றார் மருதவாணன்.

"நீங்க எங்க சார் கேட்டீங்க?"

பரிசோதித்தார்கள். கிருமி இருந்தது. மாத்திரை கொடுத்து, முடிந்ததும் மறுபடி பரிசோதித்தார்கள். போயிருந்தது.

ஏழாம் மாதம் கடந்தது, எட்டும் கடந்தது. நிறைமாதத்தில் பெண் பிறந்தாள். வீல்வீலென்று கத்தி வார்டையே எழுப்பினாள். பக்கத்துக் கட்டில்காரி முகம் சுளித்தாள்.

"கத்தட்டும், நல்லா கத்தட்டும்" என்று சிரித்தாள் வேணி.

மருதவாணனுக்குத் தலைகால் புரியவில்லை. நேராகக் குருவிடம் வந்தார்.

"வழி தெரிஞ்சுபோச்சு மேடம். இனிமே சூடுன்னே கேக்குறேன். ஒருத்தியும் விட்டுப்போக மாட்டா. எல்லாருக்கும் பரிசோதனை தேவையே இல்ல."

தஸ்லீமா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நல்லது டாக்டர். ஒருத்திக்குக் கிருமி இருக்கு, ஆனா எரிச்சலே இல்ல. அவகிட்ட என்ன வார்த்தை சொல்லிக் கேப்பீங்க?"

மருதவாணன் பரிசோதனைக் குப்பிகளை எடுத்துக்கொண்டு, வரிசையில் இருந்த எல்லாருக்கும் கொடுக்கப் போனார்.