மொக்கராசு கேட்ட கூலி

குளத்துக்குப் போகிற வழியில், நாவல் மரத்தடியில் உட்கார்ந்து, மொக்கராசு என்ற கரடி பிச்சை எடுத்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு விளாம்பழ ஓடு. காலில் ஒரு தேக்கிலைக் கட்டு.

“அம்மா! தாயே! காலில்லாத கரடிக்கு ஏதாவது போடுங்க!”

“நாலு காலும் இருக்கே!” என்றது தண்ணீர் குடிக்க வந்த அணில்.

“இருக்கு தாயே! ஆனா நடக்கலையே!”

அணில் சற்று யோசித்தது. பிறகு கையிலிருந்த பழத்தை ஓட்டில் போட்டுவிட்டுப் போனது.

அந்தக் காலில் எப்போதோ ஒரு முள் தைத்தது வாஸ்தவம்தான். அப்போது காடே பதறிப்போய்ப் பழமும் கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தது. முள் விழுந்தது, புண் ஆறியது, கரடி மட்டும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வந்தால் யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்? தினமும் காலையில் வாடிய இலையை அவிழ்த்துவிட்டுப் புது இலை கட்டிக்கொள்ளும். நாள் முழுவதும் அது செய்த வேலை அது ஒன்றுதான். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் செய்யும்.

இதில் அதிகாரம் வேறு! “நேத்துப் போட்ட அத்திப்பழம் புளிச்சிருந்துச்சே! கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?” என்று மானைக் கடிந்துகொள்ளும். மானும் பாவம், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும்.

கோடை வந்தது. மரங்கள் காய்ந்தன, குளம் சுருங்கியது. காட்டு நாட்டாமை கொம்பையா என்ற காட்டுப்பன்றி எல்லாரையும் கூட்டியது.

“நம்ம குட்டிகளுக்கே வயிறு நிறையல. இந்தத் தடியனுக்கு எங்கிருந்து போடுறது? மலைக்கு அந்தப் பக்கம் விரட்டி விடுவோம்!”

மொக்கராசு இரண்டு கையையும் கூப்பியது. மலைக்கு அந்தப் பக்கம், கரடியைப் பிடித்து மூக்கில் கயிறு போட்டுத் தெருத்தெருவாக ஆட வைக்கும் மனிதர்கள் இருந்தார்கள்.

“வேண்டாம் ஐயா! இங்கேயாவது நானாப் பிச்சை எடுக்கிறேன். அங்கே போனா என்னை வெச்சுப் பிச்சை எடுப்பாங்க!”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆனால் கரடியின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் முட்டியது.

அப்போது ஒரு முள்ளம்பன்றி முன்னால் வந்தது. கிழங்கு தோண்டி, அதைக் கொடுத்துப் பழம் வாங்கிப் பிழைக்கும் அதை எல்லாரும் முள்ளக்கா என்று கூப்பிடுவார்கள். அது வந்ததும் இரண்டு பக்கமும் கூட்டம் விலகி வழிவிட்டது. மரியாதை பாதி, முள்ளுக்குப் பயம் பாதி.

“என்கூட வேலைக்கு வரட்டும்” என்றது முள்ளக்கா.

“இவனா? வேலைக்கா?” கொம்பையா உறுமியது. “சரி, குளம் வத்துறதுக்குள்ள ஒரு வேளைச் சாப்பாட்டை உழைச்சுச் சம்பாதிச்சுக் காட்டட்டும். இல்லேன்னா மறுபேச்சே கிடையாது, மலை ஏற வேண்டியதுதான்!”

மறுநாள் காலையில் முள்ளக்கா நாவல் மரத்தடிக்கு வந்தது. மொக்கராசு வழக்கம்போல ஓட்டை நீட்டியது. முள்ளக்கா அதில் எதையும் போடவில்லை. ஓர் இலையை விரித்து, கிழங்குகளை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

“சாப்பிடு. வெறும் வயித்துல வேலை ஓடாது.”

மொக்கராசு திகைத்துப் போனது. இத்தனை காலமாக எல்லாரும் ஓட்டில் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்களே தவிர, கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யாருமில்லை.

“கை நீட்டாம எப்படிச் சாப்பிடறதுன்னே மறந்துபோச்சு அக்கா” என்றது.

முள்ளக்கா அதன் காலிலிருந்த இலையை அவிழ்த்துப் பார்த்தது. “அட, நல்லா ஆறிடுச்சே! சந்தோஷமான சேதிதானே!” என்றது. பொய்யன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடக் கரடிக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

முதல் வேலை சுலபமானது. “இந்தக் கிழங்கை முயல் வீட்டுல கொடுத்துட்டு, இலந்தைப்பழம் வாங்கிட்டு வா!”

மொக்கராசு கிழங்குக் கூடையோடு போய் முயல் வளையின் முன்னால் நின்றது. நின்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அம்மா! தாயே!”

“ஒண்ணும் இல்லப்பா! அடுத்த வளையைப் பாரு!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மொக்கராசு பணிவாக அடுத்த வளைக்குப் போனது. அங்கேயும் அதே கதை. முயல் குடியிருப்பு முழுவதும் சுற்றிவிட்டு, கிழங்கெல்லாம் அப்படியே இருக்கத் திரும்பி வந்தது.

“ஒருத்தரும் எதுவும் போடலை அக்கா!”

“அட பைத்தியமே! நீதானே கொடுக்கணும்!”

மறுநாள், மறக்காமல் இருப்பதற்காக வழியெல்லாம் “கிழங்கு! கிழங்கு!” என்று சொல்லிக்கொண்டே போனது. வளை வாசலில் நின்று கம்பீரமாகக் கூவியது.

“தாயே! கிழங்கு போடுங்க!”

முயல் இரக்கப்பட்டு, வீட்டிலிருந்த ஒரே கிழங்கையும் கொண்டுவந்து கூடையில் போட்டது. கொண்டுபோனதைவிட ஒரு கிழங்கு அதிகமாகத் திரும்பி வந்ததைப் பார்த்ததும், முள்ளக்கா முட்களெல்லாம் சலசலக்கச் சிரித்தது. அந்த ஒன்றை முயலுக்கே அனுப்பிவைத்தது.

“நீ வாயால செய்யற வேலைக்கு ஆகமாட்டே. கையால செய்யற வேலை ஏதாவது பார்ப்போம்!”

அதற்குள் குளம் வற்றிப்போயிற்று. அடியில் வெறும் சேறு வெடித்துக் கிடந்தது. குட்டிகள் தாகத்தில் அழுதன. கொம்பையா நேரே மொக்கராசிடம் வந்தது.

“ஒரு வேளைச் சாப்பாடு சம்பாதிச்சியா?”

“இல்லைங்க ஐயா.”

“அப்போ கிளம்பு!”

“கொஞ்சம் பொறுங்க” என்றது முள்ளக்கா. “ஓடை மணலுக்கு அடியில ஈரவாசனை வருது. நானும் தோண்டிப் பார்த்தேன், என் கைக்கு எட்டலை. மொக்கராசு, உன் நகத்தைக் கொஞ்சம் காட்டு!”

மொக்கராசு தன் நகங்களைப் பார்த்துக்கொண்டது. நீளமான, வளைந்த நகங்கள். இத்தனை நாளும் அவற்றை முதுகு சொறியத்தான் வைத்திருந்தது. இப்போது ஓடையில் இறங்கி, இரண்டு கையாலும் மணலை வாரி வீசியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் தலையெல்லாம் மணல்.

இடுப்பளவு பள்ளம் ஆனதும் அடியில் தண்ணீர் கசிந்தது. “ஊத்து! ஊத்து!” என்று காடே கத்தியது.

அங்கேதான் வந்தது வினை. கரடி இனம் கறையான் புற்றைத் தோண்டினால், முதலில் “ப்பூ!” என்று மண்ணை ஊதும். பிறகு “சர்ர்ர்!” என்று கறையானை உறிஞ்சும். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், கேட்காமலே வந்துவிட்டது. மொக்கராசு “ப்பூ!” என்றது. “சர்ர்ர்!” என்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை.

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா!” கொம்பையா குதித்தது. “குட்டிகள் வாயில போக வேண்டியதையும் குடிச்சுட்டான்! போடா வெளியே!”

மொக்கராசு யார் முகத்தையும் பார்க்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறி, தலையைக் குனிந்தபடி மலையைப் பார்த்து நடந்தது.

“எங்கே போறே?” முள்ளக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தது. “வேலை பாதியில நிக்குது!”

கரடி நின்றது. பள்ளத்தைப் பார்த்தது. அழுதுகொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தது. திரும்பி வந்து மறுபடியும் குதித்தது. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. நகம் ஒன்று உடைந்தது. நிறுத்தவில்லை. ஆள் உயரத்துக்குத் தோண்டியதும் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மொக்கராசு ஒரு கையால் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு, மறுகையால் மணலைச் சரித்து இறங்குவதற்கு வழி செய்துவிட்டு மேலே ஏறி வந்தது.

“குட்டிகள் முதல்ல குடிக்கட்டும்” என்றது, விரல் இடுக்கு வழியாக.

எல்லாரும் குடித்து முடித்ததும் கொம்பையா தொண்டையைச் செருமியது. “சரி, போனாப் போகுது. பாவம், நீ இங்கேயே இருந்துக்கோ.”

மொக்கராசு மண் அப்பிய முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

“பாவமெல்லாம் வேண்டாம் ஐயா! ஊத்துத் தோண்டியிருக்கேன், கூலியைக் கொடுங்க!”

கொம்பையா தன் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. அவை வயிறு முட்டக் குடித்துவிட்டு ஈர மணலில் புரண்டுகொண்டிருந்தன. வீட்டுக்குப் போய், ஒரு பலாப்பழத்தை மூக்காலேயே உருட்டிக்கொண்டு வந்தது.

“இந்தா உன் கூலி. நாளைக்கு வந்து எங்க வீட்டுப் பக்கமும் ஒரு ஊத்துத் தோண்டிக் கொடுப்பா” என்று குழைந்தது.

“நாளைக்கு முடியாது ஐயா! மான் வீட்டுல வரச் சொல்லியிருக்காங்க. நாளன்னிக்கு வேணும்னா பார்க்கலாம்!” என்றது மொக்கராசு.

தூக்கிப் போடும் பழம் ஒரு வேளைப் பசியைத்தான் போக்கும். அன்போடு கூட நின்று கொடுக்கும் வேலையோ, கை நீட்டும் நிலையையே போக்கிவிடும்.