பெல்ட்டில் தடவிய சோப்பு

குரு என்றால் தாடி இருந்தே ஆகவேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை விட்டுவிடலாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். பெயர் முத்துப்பேச்சி. போடியில் மலைச்சாலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து வருவாள்.

சீடன் ஒச்சப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. லாரி ஓட்டி இடுப்பு போன பிறகு, உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கலாமே என்று கற்றுக்கொள்ள வந்தவன். அவன் அவளை மேஸ்திரி என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாயன் என்று ஒரு டிரைவர். ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண்களைக் காலையில் மலைக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கி விடுகிறவன். வண்டி தோட்டத்துக்காரர்களுடையது. பழைய டீசல் வண்டி, மலையில் ஏறி இறங்கியே கிழடு தட்டிப்போனது. ஸ்டீரிங்கை ஒடித்தால் கீச்சென்று கத்துகிறது என்று ஒருநாள் கொண்டுவந்தான். அன்றைக்கென்று பார்த்து முத்துப்பேச்சி சாமான் வாங்கத் தேனிக்குப் போயிருந்தாள்.

மேஸ்திரி வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கௌரவம் என்னாவது? ஒச்சப்பன் பானெட்டைத் தூக்கினான். பவர் ஸ்டீரிங் பெல்ட்டை இறுக்கினான். கத்தல் நிற்கவில்லை. இன்னும் இறுக்கினான். இன்னும் கத்தியது. கடைசியில் கை கழுவ வைத்திருந்த சோப்பை எடுத்து, பெல்ட்டின் உள்பக்கம் முழுக்கத் தடவிவிட்டான். கத்தல் அடங்கிவிட்டது.

"கைராசிண்ணே உங்களுக்கு" என்றான் மாயன்.

அந்தப் பாராட்டையும் ஒச்சப்பன் கூசாமல் வாங்கிக்கொண்டான். பெல்ட்டில் சோப்பு தடவுவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த தில்லுமுல்லு. சத்தம் போகும், கோளாறு அப்படியே இருக்கும். தெரியாமல் செய்திருந்தால் கூடப் போகிறது என்று விடலாம். தெரிந்தே செய்தான்.

மறுநாள் காலை ஒரு கொண்டை ஊசி வளைவில் பெல்ட் தெறித்துக் கழன்றது. ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. மாயன் மொத்த உடம்பையும் கொடுத்து மலைப்பக்கமாக ஒடித்ததில் வண்டி பாறையில் மோதி நின்றது. எதிர்ப்பக்கம் பள்ளம். வேலுத்தாய் என்கிற அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

டிரைவர் தூங்கிவிட்டான் என்று தோட்டத்துக் கங்காணி அங்கேயே முடிவு கட்டிவிட்டார். இனிமேல் வண்டியில் கை வைக்காதே என்றும் சொல்லிவிட்டார். வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஒர்க்‌ஷாப்பில் விடுவதுதான் மாயனுக்குக் கடைசி வேலை.

"நாந்தான் கண்ணசந்துட்டேன் போலக்கா" என்றான் முத்துப்பேச்சியிடம். "ஒடிச்சேன், திரும்பல. எம்மேல எனக்கே நம்பிக்கை போச்சு."

கழன்ற பெல்ட்டை அவள் கையில் கொடுத்தான். அவள் உள்பக்கத்தை விரலால் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு, "நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படு தம்பி" என்று மாயனை அனுப்பினாள்.

ஒச்சப்பன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அறைந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலை போலிருந்தது.

பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தில் புது பெல்ட்டை மாட்டி எஞ்சினை ஓடவிட்டாள். ஒரு சாக்பீஸை அவனிடம் நீட்டினாள்.

"புல்லி விளிம்புக்குப் பக்கத்துல பிடிங்கண்ணே. அழுத்தாதீங்க. அதுவா வந்து தொட்டா தொடட்டும்."

பிடித்தான். எஞ்சினை நிறுத்தினாள்.

"என்ன தெரியுது?"

"ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பட்டிருக்கு."

"அப்படின்னா?"

"சுத்துறப்ப அந்தப் பக்கம் வெளிய வருது. புல்லி ஆடுது மேஸ்திரி."

"காடி எப்படி இருக்கு?"

பெல்ட்டைக் கழற்றிவிட்டு விரலை விட்டுப் பார்த்தான். பெல்ட் உட்கார வேண்டிய பள்ளங்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. ஓரிடத்தில் விளிம்பே உடைந்திருந்தது. கண்ணிருக்கிற எவனுக்கும் தெரிந்திருக்கும்.

"அன்னிக்கு இதைப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"புல்லியை எடுங்க."

ஒச்சப்பன் சுத்தியலை எடுத்தான்.

"தட்டினா வந்துரும். பின்னாடி இருக்கிற ஸ்டீரிங் பம்பும் சேந்து போயிரும்" என்றாள். "புல்லரை மாட்டித் திருகுங்க. கொஞ்சம் கொஞ்சமா."

புல்லி கழற்றுகிற கருவியான புல்லரின் நகங்களைப் புல்லியில் கவ்வவிட்டு, நடுத்திருகைத் திருக ஆரம்பித்தான். அது அசைவேனா என்றது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

"நான் பெல்ட்டுல சோப்பு தடவினேன் மேஸ்திரி."

"திருகுங்க."

"தெரிஞ்சுதான் தடவினேன். உங்களுக்காகக் காத்திருந்தா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிருமேன்னு."

"திருகுங்கண்ணே."

"மாயன் தூங்கல."

புல்லி கழன்று கையோடு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். நரைத்த மீசைக்காரன், அழுகையை விழுங்கத் தெரியாமல் விழுங்கினான்.

"என்னை மன்னிச்சிருங்க."

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? என் கையா முறிஞ்சது?"

அவன் புல்லியைத் தரையில் வைத்தான்.

"வெளிய சொன்னா, இனிமே என்னை நம்பி எவன் வண்டி விடுவான்?"

"இப்ப விடுறாங்களே. அது யாரை நம்பி?"

அவள் புதுப் புல்லியை எடுத்துக் கொடுத்தாள். ஒச்சப்பன் பம்பின் தண்டில் வைத்து, அதையும் திருகித் திருகியே ஏற்றினான். பெல்ட்டை மாட்டி ஓடவிட்டுச் சாக்பீஸைப் பிடித்தான். வெள்ளை சுற்றிலும் ஒரே சீராகப் பட்டது. ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒடித்துப் பார்த்தான். கத்தல் இல்லை.

மறுநாள் காலை வண்டியை அவனே ஜீப் ஸ்டாண்டுக்கு ஓட்டிப்போனான். தூக்குவாளியும் குடையுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். கையில் கட்டோடு வேலுத்தாயும் வந்திருந்தாள். கங்காணி டீ குடித்துக்கொண்டிருந்தார். மாயன் எதிர்ச்சாரியில், மூட்டை தூக்குகிறவர்களோடு நின்றான். அவன் இந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவது நன்றாகத் தெரிந்தது.

ஒச்சப்பனுக்குக் காதெல்லாம் கொதித்தது. திரும்பிப் போய்விடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. பிறகு எல்லார் நடுவிலும் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னான்.

யாரும் கையை ஓங்கவில்லை. வசவுகூட வரவில்லை.

"அப்ப மாயன் தூங்கலையா?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"இல்லக்கா. அவன் முழிச்சிருந்ததாலதான் நீங்க இருக்கீங்க."

அவள் எதிர்ச்சாரியைப் பார்த்தாள்.

"நான் அவன் பிள்ளைகளையெல்லாம் இழுத்துல்ல சாபம் விட்டேன்" என்றாள். "அதை இப்ப எங்க போய் அள்ளுவேன்?"

ஒச்சப்பன் தலை இன்னும் தாழ்ந்தது. தன் பொய் இன்னொருத்தி வாயிலும் புகுந்து வந்திருக்கிறது என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

மாயனிடம் நடந்துபோய்ச் சாவியை நீட்டினான். மாயன் கங்காணியைப் பார்த்தான். கங்காணி எடுத்துக்கொள் என்று தலையாட்டினார். மாயன் சாவியை வாங்கிக்கொண்டான்.

"ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கங்காணி மட்டும் ஒச்சப்பனைக் கூப்பிட்டு, "எங்க தோட்டத்து வண்டி இனி உங்க ஒர்க்‌ஷாப்புக்கு வராதுன்னு உங்க மேஸ்திரிகிட்டச் சொல்லிரு" என்றார். அதையும் அவன்தான் வந்து முத்துப்பேச்சியிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான்.

"சரி" என்றாள். அன்றைக்கு அவள் வழக்கம்போலத்தான் பேசினாள், வழக்கம்போலத்தான் டீ வாங்கிக் கொடுத்தாள். டீயை அவன் அப்படியே ஆறவிட்டான்.

ஊருக்குள் விஷயம் பரவிவிட்டது. வண்டி கொண்டுவருகிறவர்கள் அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, "மேஸ்திரி இல்லையா?" என்று கேட்டார்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் ஒதுங்கி நிற்கப் பழகினான். மாயன் வண்டி தினமும் அந்த வழியாகத்தான் மலை ஏறும். அந்த நேரத்துக்கு ஒச்சப்பன் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்.

"மேஸ்திரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். மாயனுக்கு வேலை திரும்பக் கெடைச்சிருச்சு. அந்த அம்மாவுக்கும் கை கூடி வருது. ஆனா இந்த வெக்கம் மட்டும் போக மாட்டேங்குது. சோத்துல கை வச்சாலும் கூடவே வந்து உக்காருது. இதை எப்படி அனுப்புறது?"

முத்துப்பேச்சி கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஏதோ ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"அன்னிக்கு அது கூட இல்லாமத்தான் சோப்பை எடுத்தீங்க. அதை அனுப்பிட்டா, அந்த வண்டியை யாருண்ணே பாக்கிறது?" என்றாள்.