செங்காலி வாத்தும் ஒரு சொட்டு எண்ணெயும்

அல்லிக்குளத்தில் மழைக்காலம் வந்தால் சளிக்காய்ச்சலும் கூடவே வந்துவிடும். அதனால் ஆண்டுதோறும் முள்ளம்பன்றி வைத்தியர் தன் முள்ளாலேயே எல்லாப் பறவைகளுக்கும் தடுப்பூசி குத்துவார். இளசுகள் தப்பிவிடும். கிழடுகளில் பாதி, ஊசி போட்டும் படுத்துவிடும்.

குளத்துத் தலைவர் கூழைக்கடாவுக்கு இது ஒரே எரிச்சல். "உங்களுக்கு ஊசியே வீண்! மழைக்கு முன்னால் கிழடுகளெல்லாம் குளத்தை விட்டுப் போய்விடுங்கள்!" என்று உத்தரவு போட்டார். அவருக்கும் வயதாகிவிட்டது. அதை அவரிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

செங்காலி என்ற கிழட்டு வாத்து மட்டும் நகரவில்லை. "நான் பிறந்த குளம் இது. போகமாட்டேன்!" என்றது. நேரே வைத்தியரிடம் போனது.

"ஏன் வைத்தியரே, உங்கள் ஊசி எங்களிடம் மட்டும் ஏன் தோற்கிறது?"

"நோய் எப்படி இருக்கும் என்று உடம்பின் காவலர்களுக்கு ஊசி காட்டிக் கொடுக்கும், செங்காலி. வயதான உடம்பில் அவர்கள் அரைத் தூக்கத்தில் இருக்கிறார்கள். மருந்தோடு ஒரு சொட்டு எண்ணெய் சேர்த்தால் விழித்துக்கொள்வார்கள். என் மேலும் என் அண்ணன்மார் மேலும் குத்திப் பார்த்துவிட்டேன். தலைவர்தான் கூடாது என்கிறார்."

கூழைக்கடா அங்கேயே வந்துவிட்டார். "எண்ணெய் காய்ச்சலைக் கொல்லுமா?" என்று சிரித்தார்.

"கொல்லாது. தட்டி எழுப்பும். சண்டை போடுவது உடம்புதான்" என்றார் வைத்தியர்.

"சிறகு வீங்கும்! வலிக்கும்!"

"வீங்கட்டும்! வலிக்கப்போவது எனக்குத்தானே, உங்களுக்கென்ன? வைத்தியரே, குத்துங்கள்!" என்று செங்காலி சிறகை நீட்டியது. அதைப் பார்த்து, கிளம்பத் தயாராக இருந்த இன்னும் ஏழு கிழப் பறவைகள் வரிசையில் நின்றன.

மறுநாள் எட்டுக்கும் சிறகு வீங்கியது, உடம்பு கொதித்தது. "சொன்னேனே, கேட்டீர்களா!" என்று தலைவர் குதித்தார். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது.

மழை கொட்டியது. காய்ச்சலும் வந்தது. எட்டில் ஒரு கொக்குக்கு மட்டும் கொஞ்சம் மூக்கு ஒழுகியது. மற்றவை நிம்மதியாக மீன் பிடித்தன. அப்போது நாணலுக்குள் யாரோ தும்மினார்கள். எட்டிப் பார்த்தால், தலைவர்! அலகு தொங்க, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

"கிழடே, வெளியே போ! நீ போட்ட உத்தரவுதானே!" என்று இளம் நீர்க்கோழிகள் கூச்சல் போட்டன.

செங்காலி குறுக்கே போய் நின்றது. "அன்றைக்கு நானும் போகவில்லை, இன்றைக்கு இவரையும் போக விடமாட்டேன்! தலைவரே, முதலில் பிழைத்து எழுந்திருங்கள். அடுத்த மழைக்கு எண்ணெய் ஊசிதான். வலிக்கும். நான் பக்கத்தில் இருக்கிறேன்!"

தளர்ந்தவர்களை விரட்டுவது அறிவாகாது. தகுந்த துணை சேர்த்துக் கொடுத்தால் தளர்ந்த உடம்பும் எதிர்த்து நிற்கும்.