காக்கைக்குப் போன அரசர் பங்கு

முன்னொரு காலத்தில், யார் எந்தத் தொழில் செய்தாலும் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு என்று இருந்த ஒரு தேசத்தில், மகாராஜாவுக்கு ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் கூழ் வடகம் பொரித்து வைத்தார்கள். அவர் கடித்த சத்தம் பக்கத்து அறை வரைக்கும் கேட்டது. தட்டைக் காலி செய்துவிட்டு, "இது யார் கைவேலை?" என்று கேட்டார்.

"நம் சபை விகடகவி பூவராகன் வீட்டு வடகம், மகாராஜா. புருஷனும் பெண்சாதியுமாகப் பிழிந்து கடைத்தெருவுக்குப் போடுகிறார்கள்" என்றான் பரிமாறியவன்.

"பேஷ்" என்றார் ராஜா. அந்த ஒரு வார்த்தையில் கருவூல அதிகாரி ஏகாம்பரநாதருக்கு அன்று சோறு இறங்கவில்லை. சபையில் அந்தப் பூவராகன் வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கிறது. இப்போது அவன் அடுப்பை மூட்டினாலும் புகழ்ச்சி என்றால் ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பது?

பூவராகன் ஒன்றும் ஒளித்துச் செய்யவில்லை. அரண்மனைச் சம்பளம் அறுவடைக்கு அறுவடைதான் வரும். வயிறு அதுவரைக்கும் காத்திருக்குமா? அதற்காகத்தான் அவன் மனைவி வேதவல்லி இந்தத் தொழிலைத் தொடங்கினாள். விடியலில் கூழ் கிண்டிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் சபைக்குப் போவான். தொடங்கிய மாதமே தானாகக் கருவூலத்துக்குப் போய், "ஐயா, சம்பளம் போக எனக்கு இப்படி ஒரு வரும்படி இருக்கிறது. அரிசி, விறகு, உப்புச் செலவு நீக்கி மிஞ்சுவதில் ஆறில் ஒரு பங்கு கட்டுகிறேன்" என்று சொன்னவன் அவன். ஏகாம்பரநாதர்தான் அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சபையில் அவர் எழுந்தார். "மகாராஜா, அரண்மனைச் சம்பளம் வாங்குகிறவன் வெளியே தொழில் செய்வது அரசருடைய நிழலில் நின்று சம்பாதிப்பது. அதற்கு ஆறில் ஒன்று போதாது. பாதி வேண்டும். செலவு என்ற பேச்சே கூடாது. காய்ந்த பிறகு கேட்டால் காக்கை தின்றது, மழை நனைத்தது என்று கதை சொல்வான். ஆகவே பிழிந்த அன்றே, பிழிந்ததில் சரிபாதி அரசருடையது என்று ஆணையிட வேண்டுகிறேன். இஷ்டமில்லை என்றால் வேலையை விடட்டும்."

பொரித்த வடகம் தினமும் கிடைக்கும் என்ற ஆசையில் ராஜா தலையை ஆட்டிவிட்டார்.

பூவராகனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "மகாராஜா, நான் வரி கட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. என் வீட்டு விறகு எரிந்து சாம்பலானதற்கும் வரி கட்டு என்றால் அதைத்தான் மாட்டேன் என்கிறேன்" என்றான்.

"ஆணை ஆணைதான்" என்றார் ஏகாம்பரநாதர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வேதவல்லி கூழ்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பாதி போச்சுன்னா அரிசி வாங்கின காசுகூடத் திரும்பாதுங்க. அடுப்பை அணைச்சிடவா?"

"எதுக்கு அணைக்கணும்? அடுப்பும் எரியும், அரண்மனை வேலையும் நடக்கும். ரெண்டுல ஒண்ணை நான் விட்டுடுவேன்னு அந்த அதிகாரி நினைக்கிறார். நான் விடுற ஆளா? நீ பிழி. அவர் என்ன சொன்னாரோ அதை ஒரு எழுத்து குறையாம செய்யறேன்."

மறுநாள் காலையில் கூழ் அண்டாவோடு பூவராகன் அரண்மனை மாடிக்கு ஏறினான். வீட்டு மாடியில் பாதியைப் பிழிந்து, கையில் கோலோடு வேதவல்லியை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தான். மீதிப் பாதியை அரண்மனை மாடியில் துணி விரித்து, வரிசை பிசகாமல் பிழிந்தான். ஏகாம்பரநாதரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பிழிந்த அன்றே சரிபாதி. சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஐயா."

"ஈரமாக இருக்கிறதே?"

"பிழிந்த அன்றைக்கு ஈரமாகத்தான் இருக்கும். நான் வருகிறேன். சபைக்கு நேரமாகிவிட்டது."

அவன் படி இறங்குவதற்குள் முதல் காக்கை வந்தது. அது தனியாகத் தின்கிற ஜாதியா? ஊரையே கூப்பிட்டது. ஏகாம்பரநாதர் காவலர்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஈட்டியைக் கிழக்கே நீட்டினால் காக்கைகள் மேற்கே இறங்கின. ஈட்டி முனையில் மாட்டித் துணி கிழிந்தது, ஒரு காவலன் வடகத்தையே மிதித்துவிட்டான். வெயில் உச்சிக்கு ஏறியும் காக்கைகள் விடவில்லை. கடைசியில் அதிகாரியே மேல்வேட்டியை உருவிச் சுழற்றிக்கொண்டு மாடி முழுவதும் ஓடினார்.

அந்த மாடிக்கு நேர் கீழேதான் ராஜா மத்தியானம் தூங்கும் அறை. கூச்சல் தாங்காமல் அவர் மேலே ஏறி வந்தார். துணியில் நாலைந்து வடகம்தான் மிச்சம். ஏகாம்பரநாதரின் தலைப்பாகையில் காக்கை தன் முத்திரையைப் போட்டிருந்தது.

"கூப்பிடுங்கள் பூவராகனை" என்றார் ராஜா. குரலில் கோபம் இருந்தது. பூவராகன் வந்து கைகட்டி நின்றான்.

"மகாராஜா, இவன் வேண்டுமென்றே அரசர் சொத்தைக் காக்கைக்குப் போட்டுவிட்டான்" என்று ஏகாம்பரநாதர் மூச்சிரைத்தார். "இவனல்லவா காவல் இருந்திருக்க வேண்டும்?"

"என் பங்குக்கு என் மனைவி காவல் இருக்கிறாள், ஐயா. வெயிலில் கோலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அரசர் பங்கை ஒப்படைத்துவிட்டேன். எனக்குச் சம்பளம் சபையில் சிரிக்க வைப்பதற்கு. காக்கை ஓட்டுவதற்கு இல்லை."

ராஜா அவனை உற்றுப் பார்த்தார். "உனக்குத் திமிர் அதிகமாகிவிட்டது, பூவராகா. உன்னை இந்தக் கணமே நீக்கிவிட முடியும், தெரியுமா?"

பூவராகன் தலை குனியவில்லை. "தெரியும், பிரபு. நீக்கினாலும் இதையேதான் சொல்வேன். பாதி வடகம் உங்களுடையது என்றால் அதன் பாதி வெயிலும் பாதி காக்கையும் உங்களுடையவை. வரவில் மட்டும் கூட்டு, செலவில் கூட்டு இல்லை என்றால் அதற்குப் பெயர் வரி இல்லை. என் மனைவி காலையிலிருந்து படும் பாட்டைத்தான் நம் அதிகாரி சற்று முன் பட்டுப் பார்த்தார். அவரையே கேளுங்கள், அது செலவா இல்லையா என்று."

ராஜா திரும்பி ஏகாம்பரநாதரைப் பார்த்தார். வேர்வை, கசங்கிய மேல்வேட்டி, தலைப்பாகை. முதலில் அவருடைய மீசை துடித்தது. பிறகு தொந்தி குலுங்கியது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஆணையை மாற்றுகிறேன்" என்றார், மூச்சு வந்த பிறகு. "அரண்மனை ஊழியன் வெளியே தொழில் செய்தாலும் மற்றவர்களுக்கு உள்ள வரியே அவனுக்கும். செலவு நீக்கி மிஞ்சுவதில் ஆறில் ஒரு பங்கு. காவல் இருக்கும் கூலியும் செலவில் சேரும்." சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த பொன்முடிப்பை அவிழ்த்து அவன் கையில் வைத்தார். "இது உன் துணிச்சலுக்கு."

பூவராகன் வணங்கி வாங்கினான். அங்கேயே உட்கார்ந்து முடிப்பைப் பிரித்து, காசுகளை ஆறு குவியலாகப் பிரித்தான். ஒரு குவியலை எடுத்து ஏகாம்பரநாதரிடம் நீட்டினான்.

"இந்த வரவுக்கு அரிசி இல்லை, விறகு இல்லை, வெயிலில் ஓடியதும் நான் இல்லை. கழிக்க ஒன்றும் கிடையாது. ஆறில் ஒரு பங்கு முழுசாக இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்."

அதிகாரி வேறு வழியில்லாமல் கையை நீட்டினார்.

"அப்படியே ரசீதும் எழுதிக் கொடுங்கள், ஐயா. காக்கை கொண்டுபோய்விட்டது என்று நாளைக்கு நீங்கள் சொல்லக் கூடாது பாருங்கள்."

ராஜா மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.